ஒரு சிட்டிகை லித்தியம்

பிளஸ் ஒன் விலங்கியல் பரீட்சையில் ‘ஹைட்ராவின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று கேள்வி வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு குழாய், உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றி ஐந்தாறு உணர்நீட்சிகள், கீழே ஒட்டிக்கொள்ள ஒரு பாதம், இடுப்பில் ஒரு மொட்டு. வெண்டைக்காய் வரையத் தெரிந்தவன் ஹைட்ராவும் வரைவான். என் பெஞ்சு நண்பன் மட்டும் உற்சாகம் தாங்காமல் குழாயின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை உணர்நீட்சியாகப் போட்டுத் தள்ளிவிட்டான். சார் அந்த விடைத்தாளை வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, “இது என்னடா, ஹைட்ராவா, பலாப்பழமா?” என்று கேட்டு அரை மார்க்கை வெட்டினார். எனக்கு அவன் மேல் இரக்கமே வரவில்லை. என் ஹைட்ராவுக்குப் பாதம் போட மறந்தது சார் கண்ணில் படவில்லையே என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த அரை மார்க்கின் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கூத்து இருக்கிறது. சின்னஞ்சிறு பிராணிகள் வாழும் தண்ணீரில் கைக்குக் கிடைத்த ரசாயனத்தை எல்லாம் கொட்டி, “இப்போது தலை எங்கே முளைக்கிறது பார்க்கலாம்” என்று காத்திருந்த பெரிய மனிதர்களின் கூத்து.

அவர்களை விரட்டிய கேள்வி குழந்தைத்தனமானது, ஆனால் பொல்லாதது. களிமண் உருண்டையில் பிள்ளையார் பிடிக்கிறவருக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம், வயிறு எந்தப் பக்கம் என்று தெரியும். முட்டையும் ஓர் உருண்டைதான். வாய் இங்கே, குடல் அங்கே என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

முதலில் ஆரம்பித்தது கத்திதான். 1740-ல், ஹேக் நகரை ஒட்டிய சோர்க்ஃப்லீட் மாளிகையில் பென்டிங்க் பிரபுவின் இரண்டு பையன்களுக்கு வீட்டு வாத்தியாராக இருந்தவர் ஜெனீவாக்காரர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. குட்டைத் தண்ணீரில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். செடியா பிராணியா என்று சந்தேகம். வெட்டினால் செடி துளிர்க்கும், பிராணி செத்துப்போகும், அவ்வளவுதானே? வெட்டினார். இரண்டு துண்டும் முழு உருப்படியாக வளர்ந்து நின்றன. பாரிஸில் இருந்த விஞ்ஞானி ரெயோமூருக்குத் தபாலில் சில உருப்படிகளை அனுப்பினார். குழாயை மெழுகு வைத்து இறுக்கி அடைத்ததில் முதல் பார்சல் மூச்சுமுட்டிச் செத்தது. அடுத்தது உயிரோடு போய்ச் சேர்ந்தது. அதோடு மனிதர் அடங்கவில்லை. பன்றி மயிரை உள்ளே விட்டு, தலையணை உறையைத் திருப்புவது போல ஹைட்ராவையே உள்வெளியாகத் திருப்பினார். அது கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு வழக்கம்போல் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டது. பிரபுவின் பிள்ளைகள் இலக்கணம் எவ்வளவு படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

வெட்டினால் வளரும் என்று கத்தி சொன்னது. எப்படி வளரும் என்று கேட்டால் கத்திக்கு வாய் கிடையாது. அடுத்த நூற்றைம்பது வருஷம் ஆராய்ச்சியாளர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். தாமஸ் ஹன்ட் மார்கன் தட்டைப்புழுவில் 279-ல் ஒரு பங்கு இருந்தாலும் அது முழுப் புழுவாகும் என்று கணக்குப் பார்த்தார். ஏன் ஆகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. புழுவை விட்டுவிட்டு ஈக்குப் போனார். 1933-ல் நோபல் வந்தது. புழுவோடு உட்கார்ந்தே இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1888-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரூ ஒரு தவளை முட்டை இரண்டு செல்லாகப் பிரிந்த நேரத்தில், காய்ச்சிய ஊசியால் ஒன்றைக் குத்திக் கொன்றார். மிஞ்சியது பாதிக் கருவாக வளர்ந்தது. ஆகவே கரு ஒரு கடிகாரம், பாதியை உடைத்தால் பாதிதான் ஓடும் என்று அறிவித்தார். மூன்று வருஷம் கழித்து ஹான்ஸ் டிரீஷ் என்ற இளைஞர், திரியெஸ்தே கடற்கரையில் கடல் முள்ளெலியின் இரண்டு செல் கருக்களைக் குழாயில் போட்டு, இருமல் மருந்துப் பாட்டிலைக் குலுக்குவது போலச் சில நிமிடம் குலுக்கினார். செல்கள் பிரிந்தன. மறுநாள் காலையில் பாதி ஜந்துவை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தால், சின்ன அளவில் முழு ஜந்து. டிரீஷுக்கு அதிர்ச்சி. இரண்டாக உடைத்தால் இரண்டு கடிகாரமாகும் கடிகாரம் உலகில் உண்டா? ரொம்ப யோசித்துக் கடைசியில், உயிருக்குள் ‘என்டலக்கி’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்று உட்கார்ந்து வேலை வாங்குகிறது என்ற முடிவுக்கு வந்தார். அப்புறம் தத்துவப் பேராசிரியரானார். 1926-ல் ஆவி, அமானுஷ்யம் எல்லாம் ஆராயும் லண்டன் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். கடல் முள்ளெலியைக் குலுக்கினால் மனிதன் எங்கே போய் நிற்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் கதாநாயகர் டிரீஷ் இல்லை, அவருடைய சேக்காளி குர்ட் ஹெர்ப்ஸ்ட். இருவரும் யெனாவில் எர்ன்ஸ்ட் ஹேக்கலிடம் படித்தவர்கள். நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் 1872-ல் ஆரம்பித்த கடல் ஆராய்ச்சி நிலையம் அப்போது ஐரோப்பிய உயிரியலின் மேன்ஷன். பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் அங்கே ஆராய்ச்சி மேசையை வாடகைக்குப் பிடிக்கும். மேசையோடு நுண்ணோக்கி, கண்ணாடிச் சாமான், தினமும் படகில் பிடித்து வரும் கடல் பிராணி எல்லாம் சேர்த்தி. கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம், டிக்கெட் காசு தனி வரும்படி.

கடல்நீர் என்றால் நமக்கு உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். ஹெர்ப்ஸ்டுக்கு அது ரசம். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், சல்ஃபேட், கார்பனேட் என்று கூட்டுப் பொருள்களைத் தனித்தனியாக வாங்கி வைத்து, அவரே கடல்நீர் வைக்கப் பழகினார். பழகிய கையோடு புளி போடாத ரசம், மிளகு போடாத ரசம், தாளிக்காத ரசம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, அதில் முள்ளெலிக் கருவைப் போட்டுப் பார்த்தார். கார்பனேட் இல்லாத தண்ணீரில் கருவுக்கு எலும்புச் சட்டம் வரவில்லை. கால்சியம் இல்லாத தண்ணீரில் செல்களுக்குள் ஒட்டு விட்டுப்போய், ஒவ்வொன்றும் கூட்டுக் குடும்பத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. டிரீஷ் கை வலிக்கக் குலுக்கிப் பிரித்ததை இவர் ஒரு பொருளை எடுத்துவிட்டே பிரித்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் ஊரில் சொன்னவர்கள், எந்த உப்பு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எடுத்துப் பார்த்தது ஒரு பக்கம் என்றால், சேர்த்துப் பார்த்தது இன்னொரு பக்கம். வரிசைப்படி அதுதான் முந்தியது. 1892-ல் ஹெர்ப்ஸ்ட் வெவ்வேறு உப்புகளைக் கடல்நீரில் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் லித்தியம் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, ஒழுங்கான கரு என்ன செய்யும் என்று பார்த்துவிடுவோம். முட்டை பிரிந்து பிரிந்து உள்ளே வெற்றிடமுள்ள ஒரு செல் பந்தாகும். காற்று இறங்கிய ரப்பர் பந்தைக் கட்டை விரலால் அமுக்கினால் குழி விழுமே, அது மாதிரி பந்தின் அடிப்பக்கம் உள்ளே குழிந்து ஒரு குழாயாக நீளும். அதுதான் குடல். வெளியே இருப்பது தோல். பிறகு ஒரு பக்கம் வாய் திறக்கும், பிழைப்பு ஓடும்.

லித்தியத் தண்ணீரில் என்ன நடந்தது? குடல் உள்ளே போகவில்லை, வெளியே வந்தது. கடன்காரனைக் கண்டவன் ‘பார், காலணா இல்லை’ என்று சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவானே, அப்படிக் குடலை வெளியே நீட்டிக்கொண்டு கரு மிதந்தது. லித்தியம் கூடக் கூடக் குடல் பெருத்துத் தோல் சிறுத்தது. கடைசியில் வயிறு மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம் என்ற நிலை. தோல் மேலே ஒரு குமிழாக ஒட்டிக்கொண்டிருந்தது. தயோசயனேட் என்ற இன்னொரு உப்பு நேர் எதிர் வேலை பார்த்தது: தோல் பெருத்துக் குடல் குறைந்தது.

கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. உடம்பில் எது தோல், எது குடல் என்று பங்கு பிரிக்கும் தராசு ஒன்று உள்ளே இருக்கிறது, அதன் ஒரு தட்டில் லித்தியம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்று அந்த ஜந்து குடலை உருவிக் காட்டிச் சொன்னது. அதற்கு மேல் ஒரு பிராணி என்ன செய்ய முடியும்? ஆனால் அது பேசிய பாஷை ஹெர்ப்ஸ்டுக்கும் தெரியாது, அன்றைக்கு வேறு யாருக்கும் தெரியாது. ‘லித்தியம் லார்வா’ என்று பெயர் வைத்தார், படம் போட்டார், அடுத்த பிராணிக்குப் போனார். இறாலின் கண்ணைக் காம்போடு வெட்டினால் கண்ணுக்குப் பதில் உணர்கொம்பு முளைப்பதைக் கண்டுபிடித்தார். இறால் அதைப் பற்றி என்ன நினைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு உலகத்துக்கே கை ஊற ஆரம்பித்துவிட்டது. 1899-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஜாக் லோப், ஆண் விந்தே இல்லாமல் மெக்னீசியம் குளோரைடு கலந்த தண்ணீரை வைத்து முள்ளெலி முட்டையை வளர வைத்தார். உயிரையே உண்டாக்கிவிட்டான் மனிதன் என்று பத்திரிகைகள் குதித்தன. கல்யாணமாகாத பெண்கள் கடலில் குளிக்கத் தயங்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1907-ல் சார்லஸ் ஸ்டாக்கார்டு அதே மெக்னீசியம் குளோரைடில் மீன் கருக்களை வளர்த்து, நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு மீன்களை வரவழைத்தார். ஒரே உப்பு ஒருவருக்குத் தகப்பன் வேலையும் இன்னொருவருக்கு நெற்றிக்கண்ணும் தந்தது. பிள்ளையார் பிடிக்கப் போனவர்கள் எல்லாம் விதவிதமாகக் குரங்கு பிடித்துக்கொண்டிருந்தார்கள். குரங்குகளை அழகாக வரிசைப்படுத்திக் கட்டுரையும் எழுதினார்கள்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் சிகாகோவின் சார்லஸ் மானிங் சைல்டு. பெயர்தான் குழந்தை, கையில் இருந்தது பொட்டாசியம் சயனைடு. தட்டைப்புழுவைச் சயனைடு கரைசலில் போட்டுவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்துகொள்வார். புழு ஒரேயடியாகக் கரையாது. முதலில் தலை கரையும், அப்புறம் கழுத்து, அப்படியே பின்னோக்கிக் கரைந்துகொண்டு போய்க் கடைசியில் வாலுக்கு வரும். ஹைட்ராவும் அப்படித்தான், உச்சியிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே தலைப் பக்கம்தான் உயிர்ச்சூடு அதிகம், வால் பக்கம் போகப் போகக் குறைவு, இந்த ஏற்ற இறக்கமே உடம்பின் வரைபடம் என்று சைல்டு முடிவு கட்டினார். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதை ஒருவர் சயனைடு ஊற்றி நிரூபித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. வெட்டிய புழுத்துண்டைச் சயனைடோ, ஈதரோ, சாராயமோ நீர்க்கக் கலந்த தண்ணீரில் விட்டால் தலை அரைகுறையாக முளைக்கும். இரண்டு கண்ணும் நெருங்கி ஒட்டிய தலை, முகம் கோணிய தலை, கண்ணே இல்லாத தலை, கடைசியில் தலையே இல்லாத முண்டம். சைல்டு இவற்றை ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் போட்டார், மண்டியில் தக்காளி பிரிப்பது போல. உடம்பில் ஏற்ற இறக்கம் இருக்கிறது என்ற அவருடைய யோசனை பிழையே இல்லை. எதனுடைய ஏற்ற இறக்கம் என்பதில்தான் வழுக்கினார். நம்மில் பலருக்கு அந்த முதல் பாதியும் வாய்ப்பதில்லை.

லித்தியம் இதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டது. 1929-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு எலுமிச்சை சோடா சந்தைக்கு வந்தது. பெயரிலேயே ‘லித்தியம் சேர்த்தது’ என்று பெருமையாகப் போட்டுக்கொண்ட சோடா. லித்தியம் சிட்ரேட் கலந்த அதைக் குடித்தால் மனம் தெளியும் என்று நம்பிக்கை. பிற்பாடு அதற்கு செவன் அப் என்று பெயர் மாறி, லித்தியமும் வெளியே போனது. ஒரு பக்கம் முள்ளெலிக் கருவின் குடலை வெளியே இழுத்துப் போட்ட அதே சமாசாரம், இன்னொரு பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் ஏப்பம் விடக் கிடைத்தது.

ஐரோப்பாவில் வேறொரு திருவிழா. 1924-ல் ஃப்ரைபுர்க்கில் ஹான்ஸ் ஸ்பேமானும் அவரிடம் ஆராய்ச்சி செய்த ஹில்டே மங்கோல்டும், ஒரு நியூட் கருவின் குறிப்பிட்ட ஒரு துணுக்கை வெட்டி இன்னொரு கருவில் ஒட்டினால் அங்கே இரண்டாவதாக ஓர் உடம்பே எழும்புகிறது என்று காட்டினார்கள். கட்டுரை அச்சான அதே ஆண்டு, வீட்டுச் சமையலறையில் ஹீட்டர் வெடித்த தீயில் ஹில்டே இறந்துபோனார். 1935-ல் நோபல் ஸ்பேமானுக்கு மட்டும் வந்தது. அந்தக் கட்டுரைக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே, 1909-ல், எதல் பிரௌன் என்ற அமெரிக்க மாணவி ஹைட்ராவின் வாய்ப்பக்கத் துணுக்கு ஒன்றை இன்னொரு ஹைட்ராவின் இடுப்பில் ஒட்டி, அங்கே புதுத் தலையை வரவழைத்திருந்தார். அவருக்கு நோபலும் இல்லை, அப்போது பேச்சும் இல்லை. ஹைட்ரா செய்த சாதனையை யாரும் சாதனையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்பேமானின் மாயத் துணுக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் இல்லை, கொன்றுவிட்டு ஒட்டினாலும் வேலை செய்யும் என்று 1932-ல் தெரிந்தது. அப்படியானால் உள்ளே இருப்பது ஒரு ரசாயனம். பிடி அதை! ஐரோப்பா முழுக்கத் தேடுதல் வேட்டை. யோஹன்னஸ் ஹோல்ட்ஃப்ரெட்டர் வெவ்வேறு பிராணிகளின் ஈரல், சிறுநீரகம் என்று வகைவகையாக வைத்துப் பார்த்தார். பலதும் வேலை செய்தன. கேம்பிரிட்ஜில் வாடிங்டனும் நீதமும் பெல்ஜியத்தின் ப்ராஷேயோடு சேர்ந்து 1936-ல் மெத்திலீன் ப்ளூ வைத்தார்கள். மீன் தொட்டிக் கடைகளில் சொட்டு சொட்டாக விடச் சொல்லித் தருவார்களே, அந்த நீலச் சாயம்தான். அதுவும் நரம்புத் திசுவை வரவழைத்தது. துப்பறியும் கதையில் குற்றவாளி அகப்படாவிட்டால் கஷ்டம். இங்கே அதைவிடக் கஷ்டம்: ஸ்டேஷனுக்கு வந்தவன் எல்லாம், டீ கொண்டுவந்த பையன் உட்பட, ‘நான்தான் செய்தேன்’ என்று கையெழுத்துப் போட்டான். போலீஸ் பைத்தியம் பிடித்து வீட்டுக்குப் போனது. 1990-களில்தான் விஷயம் வெளியே வந்தது. கருவில் துணுக்கை ஒட்டிய தோல் பகுதி தானாகவே நரம்பாக மாறத் துடிக்கிறது, வேறொரு சமிக்ஞை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, பிடியைத் தளர்த்தினால் போதும். கதவைத் தட்டியவன் எவனாக இருந்தாலும் திறந்திருக்கும். தாழ்ப்பாள் அவ்வளவு லொடலொட.

1949-ல் லித்தியம் ஆஸ்திரேலியாவில் தலைகாட்டியது. மெல்போர்னை ஒட்டிய பந்தூரா மனநல மருத்துவமனையில் ஜான் கேடு என்ற டாக்டர், புழங்காத ஒரு சமையல் சாமான் அறையை ஆய்வகமாக வைத்துக்கொண்டு, மனவெழுச்சி நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். யூரிக் அமிலம்தான் விஷம் என்று சந்தேகம். அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. லித்தியத்தோடு சேர்ந்தால் கரையும் என்பதால் லித்தியத்தைச் சேர்த்தார். மல்லாக்கப் போட்டால் உதறித் துள்ளும் கினிப்பன்றிகள், மத்தியான வெயிலில் திண்ணையில் படுத்த பெரியவர்கள் போல அப்படியே கிடந்தன. கேடு முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு பத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலன் இருந்தது. மனநோய் மருத்துவத்தின் பெரிய மருந்துகளில் ஒன்று இப்படிப் பிறந்தது. அந்தக் கினிப்பன்றிகள் சாந்தமானது விஷம் ஏறிய மயக்கத்தால்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கட்டும், இந்தக் கதையில் யார்தான் சரியான காரணத்துக்காகச் சரியான இடத்துக்குப் போனது? ஹெர்ப்ஸ்ட் 1946-லேயே காலமாகிவிட்டார்.

1952-ல் ஆலன் டூரிங், கணினிக்காரர், இரண்டு ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டு பரவினாலே புள்ளியும் வரியும் தானாக விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஹைட்ராவின் உணர்நீட்சிகளையும் உதாரணத்துக்கு இழுத்தார். என்டலக்கி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத மேஸ்திரி வேண்டாம், வேதியியலும் கணக்கும் போதும். அதே வருஷம் இங்கிலாந்து நீதிமன்றம் இன்னொரு ஆணோடு உறவு வைத்ததற்காக அவரைத் தண்டித்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து ஏற்றிக்கொள்ள வைத்தது. கேட்காமல் ரசாயனத்தில் முக்கப்பட்ட ஜீவன்களின் பட்டியலில் ஹைட்ராவும் முள்ளெலியும் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊரும் தலையை நீட்டுகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் போனால் பந்தலில் ஏறிப் படர்ந்து, தீக்கொழுந்து மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும் கண்வலிக்கிழங்கைப் பார்க்கலாம். புலவர்களுக்குக் காந்தள், அரசாங்கத்துக்கு மாநில மலர், விவசாயிக்குக் காலையில் எழுந்து ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தடவ வேண்டிய இடுப்பு வலி. அவருக்கு வேண்டியது பூ இல்லை, விதை. விதையில் கோல்ச்சிசின் இருக்கிறது. கவுட் என்ற மூட்டுவலிக்கு மருந்து, கொஞ்சம் கூடினால் எமன்.

1976-ல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் ரிச்சர்ட் கேம்ப்பெல் இந்தக் கோல்ச்சிசினை ஹைட்ராவுக்குக் கொடுத்தார். ஹைட்ராவின் தோல் செல்கள் தாக்குப்பிடித்தன. நரம்பு செல்களும், அவற்றை உண்டாக்கும் மூல செல்களும் ஒழிந்தன. மிஞ்சியது நரம்பே இல்லாத ஹைட்ரா. கொட்டத் தெரியாது, இரை பிடிக்கத் தெரியாது, வாயைத் திறக்கக்கூடத் தெரியாது. சும்மா விட்டால் பட்டினியில் சாகும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஊட்ட ஆரம்பித்தார்கள். நுண்ணோக்கியின் கீழே கண்ணை வைத்துக்கொண்டு, மயிரிழைக் கண்ணாடிக் குழாயால் உப்புநீர்க் கூனியை ஒவ்வொரு ஹைட்ராவின் வாயிலும் திணிக்க வேண்டும். தின்றதைத் துப்பவும் அதற்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தண்ணீரைப் பீய்ச்சி வயிற்றைக் கழுவிவிட வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது மாதிரி, ஆனால் குழந்தையின் உயரம் சில மில்லிமீட்டர், தலை எண்ணிக்கை தட்டு நிறைய. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் தினமும் இதைச் செய்தார்கள். அம்மாக்களுக்குச் செய்த மாதிரி இவர்களுக்கும் யாராவது ஒரு தினம் கொண்டாடியிருக்கலாம்.

இத்தனை ஊழியத்துக்கும் பலன் இருந்தது. நரம்பே இல்லாத அந்த ஹைட்ராவின் தலையை வெட்டினார்கள். புதுத் தலை முளைத்தது. மொட்டுகூட விட்டது. ஆக, ‘தலை இங்கே’ என்று உத்தரவு போடுவது நரம்பு இல்லை, சாதாரணத் தோல் செல்களுக்கே அந்த விவரம் தெரியும். மூளைதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று நினைப்பவர்கள் பொதுவாக மூளை உள்ளவர்கள்தான்.

சரி, லித்தியத்துக்கு வருவோம். அது பாட்டுக்கு ஒரு பக்கம் முள்ளெலியின் குடலை உருவிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் தவளைக் கருவில் போட்டால் உடம்பெல்லாம் தலையும் முதுகுமாக வளர வைத்தது. மூன்றாவது பக்கம் மருந்துக்கடையில் சீட்டுக்கு விற்றது. மூன்றையும் உட்கார வைத்துப் பேசியவர்கள் பீட்டர் க்ளைனும் டக்ளஸ் மெல்ட்டனும், 1996-ல். ஹெர்ப்ஸ்டின் கரு பதில் சொல்லி 104 வருஷம் கழித்து.

விஷயம் இவ்வளவுதான். செல்லுக்குள் ஒரு குமாஸ்தா இருக்கிறார், பெயர் ஜிஎஸ்கே-3. பீட்டா-கேட்டனின் என்ற ஃபைல் எப்போது மேசைக்கு வந்தாலும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் குப்பைக்கு அனுப்புவது அவர் உத்தியோகம். விண்ட் என்ற சமிக்ஞை வரும் பக்கத்தில் மட்டும் குமாஸ்தா சற்று கையைக் கட்டிக்கொள்வார். அங்கே ஃபைல் சேர்ந்து, உள் அறைக்குப் போய், அதிகாரி கையெழுத்தாகி, ‘இங்கே இன்னது கட்டு’ என்று ஆர்டர் வரும். லித்தியம் செய்ததெல்லாம், எல்லாப் பக்கத்திலும் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டதுதான். ஃபைல் எங்கும் பெருகியது, குடல் எங்கும் பெருகியது. முள்ளெலியில் அந்த ஆர்டர் ‘குடல் கட்டு’. ஹைட்ராவில் அதே ஆர்டர் ‘தலை கட்டு’. தட்டைப்புழுவில் அதே ஆர்டர் ‘வால் கட்டு’. அந்த ஃபைலை ஒழித்தால் புழுவுக்கு வால் இருக்க வேண்டிய இடத்திலும் தலை வந்துவிடுகிறது என்று 2008-ல் பார்த்தார்கள். ஒரே ஜி.ஓ.வை மூன்று மாவட்டம் மூன்று விதமாகப் படிப்பது நமக்கொன்றும் புதிதில்லையே.

அந்த ‘விண்ட்’ என்ற பெயரில் பாதி டில்லிச் சரக்கு. பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.பி. சர்மா 1973-ல் இறக்கை முளைக்காத ஒரு பழ ஈயைப் பற்றிக் குறிப்பு எழுதினார், 1976-ல் வி.எல். சோப்ராவோடு சேர்ந்து விரிவாக எழுதினார். ‘விங்லெஸ்’, அதாவது இறக்கையற்றது என்று பெயர். எலியின் மார்புப் புற்றில் கண்ட ‘இன்ட்-1’ என்ற மரபணுவும் இதுவும் ஒரே வம்சம் என்று 1987-ல் தெரிந்த பிறகு, இரண்டு பெயரையும் ஒட்டி விண்ட் என்று ஆக்கினார்கள். ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம், ஆனால் குடும்பம் பெருகிவிட்டது.

கடைசியில் 2005. மறுபடி இர்வைன். ஹான்ஸ் போடேயின் ஆய்வகத்தில் ஆல்ஸ்டர்பௌலோன் என்ற ரசாயனத்தை ஹைட்ராவின் தண்ணீரில் கலந்தார்கள். லித்தியத்தைப் போலவே குமாஸ்தாவின் கையைப் பிடிக்கும், ஆனால் அதைவிடக் கெட்டியாக, குறி பார்த்துப் பிடிக்கும். இரண்டு நாள் ஊற வைத்து எடுத்து நல்ல தண்ணீரில் விட்டார்கள். சில நாளில் ஹைட்ராவின் வாயைச் சுற்றி மட்டும் இருக்க வேண்டிய உணர்நீட்சிகள் இடுப்பில் முளைத்தன, அதற்குக் கீழும் முளைத்தன, குழாய் முழுக்க மேலிருந்து கீழ்வரை முளைத்து நின்றன. உடம்பு மொத்தமும் தன்னைத் தலை என்று நினைத்துக்கொண்டது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிளஸ் ஒன் விடைத்தாள் நினைவுக்கு வந்தது. பென்சில் கோடு உட்பட அதே பலாப்பழம்.

என் நண்பனுக்கு இப்போது கவுட். கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கி, டாக்டர் கோல்ச்சிசின் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஹெர்ப்ஸ்டில் ஆரம்பித்து இர்வைன் வரை அவனுக்கு முழுக்கதையும் சொன்னேன். காலை ஸ்டூலின் மேல் நீட்டியபடி அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டான். சோடா குடித்த கதைக்குச் சிரித்தான், ஹைட்ராவுக்கு ஊட்டிய கதைக்கு இன்னும் சிரித்தான். ஆல்ஸ்டர்பௌலோன் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கி, ஒவ்வோர் உணர்நீட்சியாக எண்ணினான்.

“சார் இப்போ எந்த ஊர்ல இருக்கார்?” என்று கேட்டான்.